சேலத்துல வாட்ச் பாக்காம மணி சொல்றது எப்படி

உச்சி வெயில்னா 12 மணின்னு நெனச்சு ஆரம்பிச்சீங்கன்னா மொதல் நாளே தப்பாயிடுங்க. நாட்டுக்கே ஒரே டைம் வச்சிருக்கோம், அது 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கான டைம், நம்ம சேலம் அதுக்கு மேக்கால 78 சொச்சத்துல இருக்கு, அதனால இங்க சூரியன் உச்சிக்கு வர சராசரியா 12.17 ஆயிடும், பிப்ரவரி நடுவுல 12.30ஐயும் தாண்டும், நவம்பர் ஆரம்பத்துல 12.01க்கே வந்துரும்.

இத மனசுல வச்சுட்டு மொட்டை மாடிக்கு போங்க. உங்க நிழல உங்க காலடியாலயே அளங்க, கிட்டத்தட்ட ஆறரை காலடி வந்தா நிழலும் உங்க உயரமும் சமம். பங்குனியில மத்தியானத்துக்கு மேல அப்படி வந்தா மணி 3.20 வாக்குல, அதே மார்கழியில 2.10க்கே வந்துரும், அதனால மாசத்துக்கு ஒருக்கா அளந்து குறிச்சு வைங்க. ஏப்ரல் 20, ஆகஸ்ட் 22 வாக்குல உச்சியில நிழலே காலடிக்குள்ள போயிடும், அன்னிக்கு கண்டிப்பா போய் நில்லுங்க, அவ்ளோ நல்லாருக்கும்.

சாயங்காலம் கைய நல்லா நீட்டி முஷ்டிய மடக்கி, சூரியனுக்கும் அடிவானத்துக்கும் நடுவுல எத்தன முஷ்டி அடங்குதுன்னு பாருங்க (சூரியனையே மொறச்சு பாக்காதீங்க, கண்ணு போயிரும்). ஒரு முஷ்டி சுமாரா 40 நிமிஷம். ஒரு விரலுக்கு கால் மணி நேரம்னு சொல்றவங்க உண்டு, நம்ம பக்கம் சூரியன் கிட்டத்தட்ட நேரா எறங்குறதால ஒரு விரல் 8 நிமிஷம்தான் வருது. மார்கழியில டவுன்ல இருந்து பாத்தா கஞ்சமலைப் பக்கமா எறங்கும், மலை மறைச்சிரும், அதுக்கப்பறமும் வெளிச்சம் இருக்கும், ஏமாந்துராதீங்க.

வீட்டுக்குள்ள இருந்தா வேலைதான் கடிகாரம். எங்கப்பா அம்மாபேட்டையில தறிக்குழிக்குள்ள உக்காந்துட்டே, அதுவரைக்கும் நெய்த துணி எத்தன மொழம்னு கையால தொட்டுப் பாத்து மணி சொல்வாரு, அஞ்சு நிமிஷம் முன்னப்பின்ன இருக்கும் அவ்ளோதான். நீங்களும் தெனம் செய்யுற ஒரு வேலைய, பாத்திரம் வெளக்குறதோ கோலம் போடுறதோ, ஒரு வாரம் டைம் வச்சு பாத்துக்கங்க, அப்பறம் அதுவே அளவு.

ஏற்காடு போனா இந்த நிழல் கணக்கெல்லாம் நடக்காது, மஞ்சு எறங்குனா காலையா சாயங்காலமான்னே தெரியாது. அங்க அந்திமந்தாரைய பாருங்க, 4 மணிக்கு மேல மொக்கு விரிய ஆரம்பிக்கும், மப்பு நாள்ல கொஞ்சம் சீக்கிரமாவே விரியும். எப்பவுமே மொதல்ல மணிய வாய்விட்டு சொல்லிட்டு அப்பறம் போன எடுங்க, போன பாத்துட்டு சொன்னா எத்தன வருஷம் ஆனாலும் பழகாது.