தாராவியில் ஓட்டுக் கேட்டு வருபவரிடம் பிள்ளைகளுக்காகக் கேட்பது எப்படி

குழந்தைகள் முக்கியமா என்று மும்பை தாராவியில் நம் தமிழர் வீட்டுக் கதவு எதைத் தட்டிக் கேட்டாலும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள், அதனால் அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். போன தேர்தலில் எதை நினைத்து பட்டனை அழுத்தினீர்கள் என்று கேளுங்கள். தண்ணீர், கக்கூஸ், வீடு, தெரிந்த ஆள், மகாராஷ்டிர அரசு பெண்களுக்கு மாதாமாதம் தருகிற லாட்கி பஹீண் திட்டத்தில் வரும் 1,500 ரூபாய் என்று பதில்கள் வரும், பிள்ளையைச் சொல்பவர் குறைவு. பாசம் இல்லாமல் இல்லை. பீஸ் கட்ட ஓவர்டைம் பார்க்கிற அப்பா அதைத் தன் தலைமேல் விழுந்த பொறுப்பாக நினைக்கிறார், ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் கேட்கிற விஷயமாக அவருக்கு அது தோன்றுவதே இல்லை. அந்த நினைப்பைத்தான் நாம் மாற்ற வேண்டும்.

பேச்சைத் தமிழ்நாட்டில் இருக்கிற நம் ஊரிலிருந்து ஆரம்பிப்பது நல்லது. காமராஜர் காலத்து மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவு, 2022-ல் தொடங்கிய காலை உணவு, இதெல்லாம் திருநெல்வேலிப் பக்கத்துப் பாட்டிகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அதை நிறுத்துகிறேன் என்று சொல்லி எந்தக் கட்சியாவது அங்கே ஓட்டுக் கேட்க முடியுமா என்று கேளுங்கள். அப்புறம், இங்கே நாம் அப்படி எதைக் கேட்டு வைத்திருக்கிறோம் என்று கேளுங்கள். அவர்களே யோசிக்க ஆரம்பிப்பார்கள்.

அடுத்து, எதை யாரிடம் கேட்பது என்பதில் தெளிவு வேண்டும், ஏனென்றால் தப்பான ஆளிடம் கேட்டால் அது என் கையில் இல்லை என்று சொல்லி நிமிஷத்தில் நழுவிவிடுவார். அங்கன்வாடி மாநில அரசின் பெண்கள், குழந்தைகள் துறையில் வருகிறது, மத்திய அரசின் பணமும் அதில் இருக்கிறது, எனவே எம்.எல்.ஏ., எம்.பி. இருவரிடமும் கேட்கலாம். மாநகராட்சிப் பள்ளி என்றால் நகர்சேவக்கிடம், அதாவது மாநகராட்சி கவுன்சிலரிடம், கேளுங்கள். தாராவிக்கு உரிய வார்டு ஆபீஸ் ஜி நார்த், மாட்டுங்காவும் ஆன்டாப் ஹில்லும் எஃப் நார்த். நம் ஆட்கள் பலர் எல்லாவற்றையும் நகர்சேவக்கிடமே கேட்டுவிட்டு அலுத்துப்போகிறார்கள்.

கேள்வி எண்ணிப் பார்க்கக்கூடியதாக இருக்கட்டும். அந்த 1,500 ரூபாய் எல்லார் வாயிலும் வருவதற்குக் காரணம், வந்ததா வரவில்லையா என்று வீட்டில் இருப்பவருக்கே தெரிகிறது. கல்வித் தரம் உயர வேண்டும் என்று கேட்டால் எவரும் தலையாட்டிவிட்டுப் போவார். மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பை, சீருடை, ஷூ என்று 27 பொருள் இலவசம், அது ஜூனில் பள்ளி திறக்கிற வாரமே கைக்கு வருமா என்று கேளுங்கள். அங்கன்வாடியில் வருஷத்துக்கு 300 நாள் சாப்பாடு தர வேண்டும் என்பது விதி, நம் சந்தில் எத்தனை நாள் தந்தார்கள்? தமிழ் மீடியம் வகுப்புக்கு எத்தனை டீச்சர், எத்தனை இடம் காலி? பதில் தெரியாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி எழுதிப் போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். மனு தமிழில் செல்லாது, மராத்தி, இந்தி, ஆங்கிலம்தான், எனவே காலேஜ் போகிற பிள்ளை ஒன்றை உட்கார வைத்து எழுதுங்கள்.

என் பிள்ளை பிரைவேட்டில் படிக்கிறான், எனக்கென்ன என்பார்கள். பிள்ளை பிறந்ததிலிருந்து ஆறு வயதுவரை எடை பார்ப்பதும், தடுப்பூசிக்கு நினைவுபடுத்துவதும் அங்கன்வாடிதான், பீஸ் கட்டுகிற வீட்டுக்கும் அது உரியது என்று சொல்லுங்கள். பணம் ஒதுக்கினாலும் நடுவில் தின்றுவிடுவார்கள் என்கிற பேச்சு இதைவிடக் கஷ்டமானது, அதற்கு வாதம் செய்யாதீர்கள், ஒரு நாள் அவரையே அங்கன்வாடிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் அங்கன்வாடியை நடத்துகிற சேவிகாவிடம் சோதனை போட வந்த மாதிரி பேசக் கூடாது. சம்பளத்துக்காக அவர்களே ஸ்டிரைக் பண்ணித்தான் கேட்க வேண்டியிருக்கிறது. இடம் சின்னது, வாடகை வரவில்லை என்று நமக்கு முதலில் சொல்லப்போவதும் அவர்கள்தான்.

இப்போது எல்லார் பேச்சும் தாராவியை இடித்துக் கட்டுகிற மறுகட்டுமானம், யாருக்கு வீடு, யாருக்கு இல்லை என்பதுதான். அதைத் தள்ளிவிட்டுப் பிள்ளைகளைப் பற்றிப் பேசினால் யாரும் நிற்க மாட்டார்கள். அந்தப் பேச்சுக்குள்ளேயே நுழையுங்கள்: 350 சதுர அடி வீடு சரி, அங்கன்வாடி எந்தக் கட்டடத்தில், எந்த மாடியில்? வேலை நடக்கிற வருஷங்களில் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கு நடந்து போவார்கள்? வீட்டுக்காகக் கூட்டத்துக்கு வந்தவர்களே இந்தக் கேள்வியையும் எடுத்துக்கொண்டு போவார்கள்.

இன்னொன்று, நம்மில் பலருக்கு ஓட்டு இன்னும் ஊரில்தான். பிள்ளை இங்கே படிக்கும்போது ஓட்டு மட்டும் சங்கரன்கோவிலில் இருந்தால் இங்கே யார் பயப்படுவார்? இடம் மாற்ற படிவம் 8 போதும், ஆன்லைனிலேயே போடலாம். மாநகராட்சித் தேர்தலுக்கும் சட்டமன்றத்துக்கான பட்டியலைத்தான் எடுக்கிறார்கள், எனவே ஒரு தடவை மாற்றினால் எல்லாவற்றுக்கும் ஆகும்.

தேர்தல் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மாநகராட்சி பட்ஜெட் வழக்கமாகப் பிப்ரவரியில் வரும். 2025-26-ல் மொத்தம் சுமார் 74,427 கோடி, கல்விக்குச் சுமார் 3,955 கோடி. உங்கள் தெருப் பள்ளிக்கு என்ன வேண்டும் என்பதை டிசம்பருக்குள் ஒரு பக்கத்தில் எழுதி, பெற்றோர் கையெழுத்தோடு நகர்சேவக்கிடம் கொடுத்து, நகலில் சீல் வாங்கிவையுங்கள். அவர் என்ன சொன்னார் என்று அன்றைக்கே உங்கள் சால் (வரிசை வீடுகள்) வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் அதே நகலை எடுத்துக்கொண்டு, கையெழுத்துப் போட்டவர்களில் நாலு பேரையாவது சேர்த்துக்கொண்டு மறுபடி போங்கள்.