பழைய மனையில் இரண்டாவது வீடு: டர்பன் வடகரைக் குடும்பங்களுக்கு வழிகாட்டி

2010 மே மாதம் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வடக்கே லா மெர்சியில் கிங் ஷாகா விமான நிலையம் திறந்த பிறகு, உம்ஷ்லாங்காவுக்கும் பலிட்டோவுக்கும் இடையே கரும்பு விளைந்த சரிவுகள் வேகமாகக் குடியிருப்புகளாக மாறிவருகின்றன. வெருலமிலும் டோங்காட்டிலும் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தக் குடியிருப்புகளின் விலை எட்டுவதில்லை. ஆனால் பல குடும்பங்களிடம் தாத்தா காலத்து மனை இருக்கிறது; வீட்டுக்குப் பின்னால் இடமும் கிடக்கிறது. நிலத்துக்குக் காசு கொடுக்க வேண்டாம் என்பதால், அங்கே இரண்டாவது வீடு கட்டுவதே பெரும்பாலானோருக்குக் கட்டுப்படியாகும் வழி. முதலில் பத்திரம், அடுத்து ஜோனிங் (மனையில் எதை, எவ்வளவு கட்டலாம் என்ற நகராட்சி வரையறை), பிறகு குழாயும் மண்ணும், அதன் பின் பிளான் என்று போக வேண்டும். செங்கல் கடைசியில்தான். இந்த வரிசை மாறும்போதுதான் காசு கரைகிறது.

பத்திரம்

உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் நகராட்சி பிளானை எடுத்துக்கொள்ளாது. தாத்தா இறந்து பல ஆண்டுகள் ஆகியும் டைட்டில் டீட் என்ற உரிமைப் பத்திரம் அவர் பெயரிலேயே இருக்கும் வீடுகள் ஏராளம். அப்படியானால் உயர் நீதிமன்றத்தின் மாஸ்டர் அலுவலகத்தில் எஸ்டேட்டை, அதாவது இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தை, பதிவு செய்து, நிறைவேற்றாளர் நியமனக் கடிதம் வாங்கி, வாரிசுகள் பெயருக்கு மாற்ற வேண்டும். எஸ்டேட் மதிப்பு 250,000 ராண்டுக்குள் இருந்தால் சுருக்கமான வழி உண்டு. வீட்டோடு கூடிய மனை இன்று அதற்குள் அடங்குவது அரிது. அத்தை, சித்தப்பா எல்லோருடைய ஒப்புதலையும் இப்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள். சுவர் எழும்பிய பிறகு கேட்டால் பங்குச் சண்டைதான் வரும்.

பிறகு பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவகத்திலிருந்து டைட்டில் டீட் நகல் எடுத்து, பின்பக்கத்து நிபந்தனைகள் வரை படியுங்கள். ‘ஒரே ஒரு குடியிருப்பு’ என்று பழைய நிபந்தனை இருந்தால், ஜோனிங் இரண்டு வீட்டை அனுமதித்தாலும் கட்ட முடியாது. அதை நீக்க நகராட்சியிடம் தனி விண்ணப்பம் போட வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

ஜோனிங்

வெருலம், டோங்காட், பீனிக்ஸ் எல்லாம் எத்தெக்வினி மாநகராட்சிக்குள் வருகின்றன; பலிட்டோவும் ஸ்டாங்கரும் குவாடுகூசா நகராட்சியில். 2015 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள நிலப் பயன்பாட்டுச் சட்டத்தின்படி, விண்ணப்பத்தை முடிவு செய்வது அந்தந்த நகராட்சியே. பக்கத்து ஊரில் கிடைத்த அனுமதியை இங்கே காட்டிப் பயனில்லை. உங்கள் மனையின் ஜோனிங், கட்டடப் பரப்பு விகிதம், பில்டிங் லைன் (எல்லையிலிருந்து விட வேண்டிய தூரம்), கார் நிறுத்தத் தேவை ஆகிய நான்கையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கணக்கு இப்படிப் போகும். மனை 650 சதுர மீட்டர், அனுமதித்த கட்டடப் பரப்பு 40 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 260 சதுர மீட்டர். பழைய வீடு 120, கராஜ் 36 போனால் மிச்சம் 104. ஆனால் அப்பா பிளான் இல்லாமல் கட்டிய சமையலறையும் வெராண்டாவும் அந்த 104-ஐத் தின்னும். மேலும், பழைய கட்டடம் நகராட்சிக் கோப்பில் உள்ள பிளானோடு ஒத்துப்போகாவிட்டால், புதிய பிளானோடு அதையும் சேர்த்து ஒழுங்குபடுத்தச் சொல்வார்கள். ஆகவே கோப்பில் உள்ள பழைய பிளானை முதலில் எடுத்துப் பாருங்கள்.

இரண்டாவது வீடா, மனையைப் பிரிப்பதா? ஒரே பத்திரத்தில் இரண்டாவது வீடு கட்டுவது செலவு குறைவு. ஆனால் அதைத் தனியாக விற்க முடியாது. வங்கியில் பாண்ட் என்ற வீட்டுக் கடன் எடுத்தால் முழு மனையும் அடமானமாகும். மகன் தவணை தவறினால் அம்மா குடியிருக்கும் வீடும் போகும். இதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசாமல் கையெழுத்துப் போடாதீர்கள். பிரிப்பதாக இருந்தால், இரு துண்டும் ஜோனிங் சொல்லும் குறைந்தபட்சப் பரப்பைத் தொட வேண்டும். பின் துண்டுக்குப் போகும் குறுகலான வழியின் பரப்பு அதில் சேருமா என்று நகராட்சியிடம் முதலிலேயே கேளுங்கள். பல திட்டங்கள் அங்கேதான் முறிகின்றன. நில அளவையாளர், சர்வேயர் ஜெனரல் ஒப்புதல், பத்திரப் பதிவு, தனித் தண்ணீர், மின் இணைப்பு எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. இடம் இருந்தால், உடன்பிறந்தோர் பலர் உள்ள குடும்பத்துக்கு அந்தச் செலவு தகும் என்பதே எங்கள் கருத்து.

கரும்பு நிலத்தில் ‘அரை ஏக்கர் பங்கு’ என்று விற்பவர்களிடம் போகாதீர்கள். விவசாய நிலத்தைப் பிரிக்க 1970-இன் 70-ஆம் சட்டப்படி விவசாய அமைச்சரின் அனுமதி வேண்டும். வெறும் சத்தியக் கடுதாசியால் நிலம் உங்களுடையதாகாது.

குழாயும் மண்ணும்

பின்பக்க எல்லையை ஒட்டி நகராட்சியின் கழிவுநீர்க் குழாய் ஓடுவது சகஜம். குழாய்க்காக நகராட்சிக்கு உரிமையுள்ள நிலப் பட்டையின் மேல் எதையும் கட்ட முடியாது. மேன்ஹோல் மூடியைத் திறந்து குழாய் எத்தனை ஆழத்தில் போகிறது என்று அளந்து பாருங்கள். மனை தெருவைவிடத் தாழ்ந்திருந்து குழாய் தெருவில் இருந்தால், கழிவுநீர் தானாக ஓடாது. பம்ப் வேண்டும், அல்லது கீழ் வீட்டுக்காரர் மனை வழியாக எழுத்துப்பூர்வ உரிமை வேண்டும்.

கடற்கரையோரம் நிறைய இடங்களில் இருப்பது ‘பெரியா’ எனப்படும் செம்மணல். காய்ந்திருக்கும்போது செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும். நனைந்தால் அரித்துப்போகும், சுமையின் கீழ் திடீரென அமுங்கும். அடித்தளம் வெடிப்பதற்குக் கூரைத் தண்ணீர் சுவரோரம் விழுவதும், கசியும் கழிவுக் குழாயும் முக்கியக் காரணங்கள். கூரைத் தண்ணீரைக் கால்வாய் வைத்து மழைநீர் வடிகாலுக்குக் கொண்டுபோங்கள். சரிவின் உச்சியில் ஊறல்குழி தோண்ட வேண்டாம். சரிவை வெட்டிய மண்ணையே கீழ்ப்பக்கம் கொட்டிச் சமப்படுத்தி, வீட்டில் பாதி கெட்டி மண்ணிலும் பாதி கொட்டிய மண்ணிலும் நின்றால் வெடிப்பு நிச்சயம். 2022 ஏப்ரல் 11, 12 மழையில் இந்த குவாஸுலு-நட்டால் மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; சரிந்த கரைகளுக்குக் கீழே வீடுகள் புதைந்தன. மண் பரிசோதனைக்கும், ஒரு மீட்டருக்கு மேற்பட்ட தாங்குசுவருக்கும் பொறியாளர் அவசியம். சுவருக்குப் பின்னால் ஜல்லியும் அடியில் வடிகுழாயும் இல்லாவிட்டால், தேங்கும் தண்ணீரே சுவரைத் தள்ளிவிடும்.

ஓடை பக்கத்தில் இருந்தால் நூறாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளம் எட்டும் எல்லையைக் கேளுங்கள். 32 மீட்டருக்குள் இருந்தால் சுற்றுச்சூழல் விதிகளையும் விசாரியுங்கள்.

பிளானிலிருந்து குடியேறும் வரை

கட்டடக்கலைக் கவுன்சிலில் பதிவுள்ளவரிடம் மட்டுமே பிளான் வரையக் கொடுங்கள். 500 சதுர மீட்டருக்குக் குறைந்த கட்டடத்துக்கு 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். ஒரு காகிதம் குறைந்தாலும் மனு திரும்பிவிடும். ஒப்புதல் கிடைத்து 12 மாதத்துக்குள் வேலை தொடங்காவிட்டால் அது காலாவதியாகும். வாழும் அறையின் ஜன்னல் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். வெந்நீரில் பாதியாவது சாதாரண மின் கீசர் அல்லாத வழியில், சோலார் போன்றவற்றால், சூடாக வேண்டும்.

ஒப்புதலுக்கு முன் அஸ்திவாரம் தோண்டாதீர்கள். 2013 நவம்பரில் டோங்காட்டில் கட்டிக்கொண்டிருந்த மால் இடிந்து இருவர் இறந்தார்கள். அதன் பிளானுக்கு ஒப்புதலே இல்லை.

பில்டர் வீட்டுக் கட்டுநர் கவுன்சிலான என்ஹெச்பிஆர்சியில் பதிவானவரா என்று பாருங்கள். வேலை தொடங்க 15 நாளுக்கு முன்பே வீட்டையும் அங்கே பதிய வேண்டும். அதனால் பெரிய கட்டமைப்புக் குறைகளுக்கு 5 ஆண்டு, கூரைக் கசிவுக்கு ஓராண்டு, சில்லறைக் குறைகளுக்கு 3 மாதம் பாதுகாப்பு கிடைக்கும். நீங்களே கட்டுவதானால் விலக்கு கேட்டு விண்ணப்பிக்க வேண்டும்.

கான்கிரீட் போடுமுன் அஸ்திவாரக் குழியையும், மூடுமுன் கழிவுக் குழாயையும் இன்ஸ்பெக்டர் பார்க்க வேண்டும். மூடிவிட்டால் மறுபடி தோண்டச் சொல்வார். வேலை முடிந்ததும் குடியிருப்புச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுங்கள். 14 நாளில் முடிவு வர வேண்டும். அது கைக்கு வரும் முன் குடியேறவோ வாடகைக்கு விடவோ கூடாது. தீப்பிடித்தாலும் சரிந்தாலும் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது அந்தச் சான்றிதழைத்தான்.