எந்தச் சோதனை போடுவது? எக்செல் கோப்பைத் திறப்பதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை

ஆய்வு செய்யத் தொடங்கியவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இது: "தரவெல்லாம் சேகரித்துவிட்டேன். எந்தப் புள்ளியியல் சோதனை போடுவது?" நான் சொல்லும் பதில் யாருக்கும் பிடிப்பதில்லை. கோப்பை மூடி வைத்துவிட்டு, எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறீர்கள் என்பதை ஒரே வரியில் எழுதிக் காட்டுங்கள் என்பேன். பலருக்கு அந்த ஒரு வரி வர அரை மணி நேரம் ஆகிறது. வந்துவிட்டால், சோதனையின் பெயரைக் கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் போதும்.

படி 1: கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

"தூக்கமும் நினைவாற்றலும்" என்பது தலைப்புதான், கேள்வி அல்ல. "ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்குபவர்கள், அதற்கு மேல் தூங்குபவர்களைவிடக் குறைவான சொற்களை நினைவில் வைத்திருக்கிறார்களா?" என்பது கேள்வி. எதை அளக்கிறோம், யாரை யாரோடு ஒப்பிடுகிறோம் என்ற இரண்டும் இதில் இருக்கின்றன.

தொடக்கநிலை ஆய்வுக் கேள்விகளில் பெரும்பாலானவை இரண்டே வகைதான். ஒன்று, குழுக்களுக்கிடையே வேறுபாடு உண்டா என்பது. மற்றொன்று, இரண்டு மாறிகளுக்கிடையே, அதாவது ஆளுக்கு ஆள் மாறும் இரண்டு அளவுகளுக்கிடையே, தொடர்பு உண்டா என்பது. மேலே உள்ளது முதல் வகை. ஆனால் தூங்கிய நேரத்தை மணிக்கணக்கில் துல்லியமாகக் குறித்து வைத்திருந்தால், அதை ஏன் ஆறு மணியில் வெட்ட வேண்டும்? வெட்டியதும் ஐந்தே முக்கால் மணி தூங்கியவரும் மூன்று மணி தூங்கியவரும் ஒரே குழுவில் சேர்ந்துவிடுகிறார்கள். ஆறேகால் மணி தூங்கியவர் எதிர்க்குழுவுக்குப் போய்விடுகிறார். கையில் இருக்கும் எண்ணைக் காரணமில்லாமல் வகைகளாக உடைக்காதீர்கள். "தூங்கும் நேரம் கூடக் கூட நினைவில் நிற்கும் சொற்களும் கூடுகின்றனவா?" என்று கேட்டால் அது இரண்டாம் வகைக் கேள்வி, அதற்கான சோதனையும் வேறு.

படி 2: விளைவு மாறி எப்படிப்பட்டது என்று பாருங்கள்

அளந்து பார்க்கும் பொருளை விளைவு மாறி என்போம். அது எடை, நேரம், மதிப்பெண் போன்ற எண்ணாக இருக்கலாம். "குறைவு, நடுத்தரம், அதிகம்" போன்ற வரிசையாக இருக்கலாம். "தேர்ச்சி, தோல்வி" போன்ற வகையாகவும் இருக்கலாம். கோப்பில் எண் தெரிகிறது என்பதற்காக அதை எண் தரவு என்று நம்பிவிட வேண்டாம். தேர்ச்சிக்கு 1, தோல்விக்கு 2 என்று குறியிட்டிருந்தால் மென்பொருள் தயங்காமல் அவற்றின் சராசரியைக் கொடுக்கும். அந்தச் சராசரி 1.4 என்றால் அதற்கு என்ன பொருள் என்று மென்பொருளுக்குக் கவலையில்லை.

படி 3: கோப்பின் இரண்டு நெடுவரிசைகளிலும் இருப்பவர்கள் ஒரே ஆட்களா?

நான் பார்த்த தவறுகளில் பாதி இங்கேதான் நடக்கிறது. அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஆறு பேருக்குத் தட்டச்சுப் பயிற்சி கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். இவை நானே விளக்கத்துக்காக அமைத்த எண்கள். பயிற்சிக்கு முன் நிமிடத்துக்கு அவர்கள் தட்டச்சு செய்த சொற்கள்: 30, 35, 40, 45, 50, 55. பயிற்சிக்குப் பின், அதே வரிசையில்: 33, 37, 44, 47, 54, 58.

முன் சராசரி 42.5, பின் சராசரி 45.5. வேறுபாடு 3 சொற்கள். இவற்றைத் தொடர்பில்லாத இரண்டு குழுக்களாகக் கருதி, இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி சோதனை போட்டால் பி மதிப்பு ஏறத்தாழ 0.60 வரும். அதாவது, பயிற்சியால் எந்த மாற்றமும் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும் இந்த அளவு வேறுபாடு சர்வசாதாரணமாகத் தோன்றும். "பயிற்சியால் பலன் தெரியவில்லை" என்று எழுதிவிட்டுப் போய்விடலாம்.

இப்போது ஒவ்வொருவரின் மாற்றத்தையும் தனித்தனியே கழித்துப் பாருங்கள்: 3, 2, 4, 2, 4, 3. ஆறு பேரும் முன்னேறியிருக்கிறார்கள், அதுவும் கிட்டத்தட்ட ஒரே அளவில். இந்த ஆறு எண்களைக் கொண்டு ஜோடி டி சோதனை போட்டால் டி மதிப்பு 8.22, பி மதிப்பு 0.001-க்கும் குறைவு.

எண்கள் பன்னிரண்டும் அவையேதான், முடிவுதான் நேர் எதிர். முதல் சோதனையில், 30 சொல் அடிப்பவருக்கும் 55 சொல் அடிப்பவருக்கும் இடையே இயல்பாகவே இருக்கும் பெரிய வேறுபாடு இரைச்சலாக நின்று, மூன்று சொல் முன்னேற்றத்தை மூழ்கடித்துவிட்டது. ஜோடிச் சோதனை ஒவ்வொருவரையும் அவரோடே ஒப்பிடுவதால் அந்த இரைச்சல் கழிந்துபோகிறது. எக்செலில் டி சோதனைச் சூத்திரத்தின் கடைசி இடத்தில் 1 என்று கொடுத்தால் ஜோடிச் சோதனை, 3 என்று கொடுத்தால் தனிக்குழுச் சோதனை. ஓர் இலக்கம் மாறினால் ஆய்வேட்டின் முடிவே மாறுகிறது, எக்செல் எச்சரிக்கவும் செய்யாது. எண்களை உள்ளிட்டு நீங்களே பாருங்கள்.

இதே பிழை தலைகீழாகவும் நடக்கும். இருபது செடிகளில் செடிக்கு ஐந்து இலைகளை அளந்துவிட்டு, "மாதிரி அளவு 100" என்று எழுதுவார்கள். ஒரே செடியின் இலைகள் ஒன்றுக்கொன்று சொந்தம். ஒரே உரத்தையும் ஒரே வெயிலையும் பங்கிட்டுக்கொண்டவை. இங்கே மாதிரி 20 செடிகள்தான். எளிய வழி, செடிக்கு ஒரு சராசரி எடுத்துக்கொண்டு அந்த இருபது எண்களோடு வேலை செய்வது.

படி 4: பெயரைத் தேர்ந்தெடுங்கள்

இனி வேகமாகப் போகலாம். விளைவு எண், குழுக்கள் இரண்டு, ஆட்கள் வேறு வேறு என்றால் தனிக்குழு டி சோதனை. இரு குழுக்களின் பரவலும் சமம் என்று எதிர்பார்க்காத வெல்ச் வடிவத்தையே எப்போதும் எடுத்துக்கொள்ளுங்கள் என்பது என் கட்சி. எக்செலில் நான் சொன்ன 3 அதுதான். ஆட்கள் ஒன்றே என்றால் ஜோடி டி சோதனை. சிறிய மாதிரிகளுக்காகவே பிறந்த சோதனை இது. கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட், 1908-இல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் இதற்கான அடிப்படையை வெளியிட்டார்.

மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குழுக்கள் என்றால் மாறுபாட்டுப் பகுப்பாய்வு, அதாவது அனோவா. இரண்டிரண்டாக எடுத்து மூன்று டி சோதனை போட்டால் ஆகாதா என்று கேட்பீர்கள். பி மதிப்பு 0.05-க்குக் கீழே வந்தால் வேறுபாடு உண்டு என்று ஏற்கும் வழக்கப்படி, ஒவ்வொரு சோதனையிலும், இல்லாத வேறுபாட்டை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு 5 சதவீதம். ஒன்றையொன்று சாராத மூன்று சோதனைகளில் ஒன்றிலாவது அப்படி ஏமாறும் வாய்ப்பு 14 சதவீதத்தைத் தாண்டும். அனோவா "எங்கோ வேறுபாடு உண்டு" என்று மட்டும் சொல்லும். எங்கே என்று அறிய, குழுக்களை இரண்டிரண்டாக ஒப்பிடும் டூக்கி சோதனை.

விளைவு வரிசைத் தரவு என்றால் எண்களுக்குப் பதில் தரவரிசையை வைத்து வேலை செய்யும் சோதனைகள் இருக்கின்றன. இரண்டு தனிக்குழுவுக்கு மான்–விட்னி, ஜோடிக்கு வில்காக்சன், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தனிக்குழுக்களுக்கு க்ரஸ்கல்–வாலிஸ். விளைவும் குழுவும் வகைகளே என்றால் கை-வர்க்கச் சோதனை. ஆனால் ஒரே ஆட்களை முன்னும் பின்னும் "ஆம், இல்லை" என்று கேட்டிருந்தால் மெக்நிமார். இரண்டு எண் மாறிகளின் தொடர்பு என்றால், அவை எவ்வளவு நேர்கோட்டில் சேர்ந்து நகர்கின்றன என்று சொல்லும் பியர்சன் ஒட்டுறவுக் கெழு, தரவரிசை மட்டும் போதுமென்றால் ஸ்பியர்மேன்.

படி 5: நிபந்தனைகளைச் சரிபாருங்கள்

முதலில் படம் வரையுங்கள். புள்ளியியலாளர் ஆன்ஸ்கம் 1973-இல் நான்கு சிறிய தரவுத் தொகுப்புகளைக் காட்டினார். நான்கிலும் ஒட்டுறவு ஏறத்தாழ 0.82. வரைந்து பார்த்தால் ஒன்று ஒழுங்கான நேர்கோட்டுப் போக்கு, இன்னொன்று வளைவு, மூன்றாவதில் ஒரு புள்ளி விலகி நின்று கோட்டைத் தன் பக்கம் இழுக்கிறது, நான்காவதில் தொடர்பு என்று தெரிவதே ஒற்றைப் புள்ளியின் வேலை.

இயல்நிலைப் பரவல், அதாவது மணி வடிவப் பரவல், இருக்க வேண்டும் என்று சொல்வதை எல்லா எண்களையும் ஒன்றாகக் கொட்டிச் சோதிக்க வேண்டும் என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். தனிக்குழுச் சோதனையில் ஒவ்வொரு குழுவுக்குள்ளும் பார்க்க வேண்டும். ஜோடிச் சோதனையில் வித்தியாசங்களை மட்டும் பார்த்தால் போதும். பரவல் மோசமாகச் சாய்ந்திருந்தால் தரவரிசைச் சோதனைக்குப் போகலாம், ஆனால் அதற்கும் விலை உண்டு. ஐந்து ஜோடிகள் மட்டுமே இருந்தால், ஐந்து பேரும் முன்னேறியிருந்தாலும், கூடியதா குறைந்ததா என்று இரு பக்கமும் பார்க்கும் வில்காக்சன் இருமுனைச் சோதனையில் பி மதிப்பு 0.0625-க்குக் கீழே இறங்கவே முடியாது, வழக்கமான 0.05 எல்லையை எட்டாது. கை-வர்க்கச் சோதனையில் அட்டவணைக் கட்டங்களின் எதிர்பார்ப்பு எண்ணிக்கை (தொடர்பே இல்லையென்றால் அங்கே வர வேண்டிய எண்ணிக்கை) 5-க்குக் கீழே போனால் ஃபிஷரின் துல்லியச் சோதனையைப் பயன்படுத்துங்கள்.

படி 6: முடிவை எழுதுங்கள்

பி மதிப்பை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். மாற்றம் எவ்வளவு என்பதே படிப்பவருக்கு வேண்டியது. நமது தட்டச்சு எடுத்துக்காட்டை இப்படி எழுதலாம்: "பயிற்சிக்குப் பின் வேகம் நிமிடத்துக்குச் சராசரியாக 3 சொற்கள் கூடியது, 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 2.1 முதல் 3.9 வரை, ஜோடி டி சோதனை, ஆறு பேர், பி மதிப்பு 0.001-க்கும் குறைவு." நம்பிக்கை இடைவெளி என்பது உண்மையான மாற்றம் இருக்கக்கூடிய வீச்சு.

"பயிற்சியால் கூடியது" என்று எழுதவில்லை, "பயிற்சிக்குப் பின்" என்றுதான் எழுதியிருக்கிறேன். அதே தேர்வை இரண்டாம் முறை எழுதியதாலேயே அவர்களின் கை பழகியிருக்கலாம். அதை விலக்க, பயிற்சி பெறாத இன்னொரு குழுவையும் இரண்டு முறை அளக்க வேண்டும். அப்போது கேள்வி "இரண்டு குழுக்களின் முன்னேற்றத்துக்கும் இடையே வேறுபாடு உண்டா?" என்று மாறிவிடும். ஆளுக்கு ஒரு வித்தியாச எண், ஆட்கள் வேறு வேறு, குழுக்கள் இரண்டு. சோதனையின் பெயருக்குப் படி 4-ஐப் பாருங்கள்.