ஊழியத்திலிருந்து வீட்டுக்கு வரும்போது: விடுமுறையைத் திட்டமிடுவது எப்படி

மிஷனெரித் தம்பதி ஊருக்கு வருவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, அனுப்பிய சபைகளைச் சுற்றி வந்து, படம் போட்டுக் காட்டி, சாட்சி சொல்லும் பயணம். மற்றது, பெற்றவர்களைப் பார்க்க வருவது. இந்தக் குறிப்பு இரண்டாவதற்கு மட்டும். முதலாவதற்கு எப்படி உடுத்துவது, எத்தனை நிமிடம் பேசுவது என்பது வரை சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறார்கள். அம்மா வீட்டில் பத்து நாள் எப்படி இருப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

நாங்கள் தாய்லாந்தின் வடக்கே, சியாங் ராய் பக்கத்து மலைக் கிராமப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதி ஒன்றைப் பார்த்துக்கொள்கிறோம். வீட்டுக்காரருக்கு ஊர் கோலாலம்பூர், செந்தூல். எனக்குப் பினாங்கு, ஆயர் ஈத்தாம். அங்கே அடுக்குமாடி வீட்டில் அம்மா, தங்கை, தங்கை புருஷன், இரண்டு பிள்ளைகள். செந்தூலில் மாமா, அத்தை, அவர்களோடு என் கொழுந்தன் குடும்பம். ஊழியத்துக்குப் போன எல்லாருடைய வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார்: போகாமல் இருந்து, வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிறவர். இந்தப் பயணத்தில் நீங்கள் முதலில் நினைக்க வேண்டிய ஆள் அவர்தான்.

நாள் குறிப்பது

டிசம்பர்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தாய்லாந்தில் கிறிஸ்துமஸ் பொது விடுமுறை இல்லை, 25ஆம் தேதி பள்ளிக்கூடம் நடக்கும். மலைக் கிராமச் சபைகளிலோ அது பெரிய பண்டிகை. பன்றி அடித்து ஊருக்கே சோறு போடுவார்கள், கிராமம் கிராமமாக அழைப்பு வரும். அந்த வாரத்தில் விடுதியைப் பூட்டிவிட்டு வர முடியாது. தாய்லாந்துப் பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை மார்ச் நடுவிலிருந்து மே நடு வரை. அக்டோபரில் ஒரு சிறிய விடுமுறை. எனக்குப் பிடித்தது ஏப்ரல். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் பெரிய வெள்ளிக்குக்கூடப் பொது விடுமுறை கிடையாது, அதனால் வீடு அதன் போக்கில் நடந்துகொண்டிருக்கும். நீங்கள் போய் அதில் கலந்துகொள்ளலாம். கிறிஸ்துமஸுக்கு நீங்கள் இல்லையே என்று அம்மாக்கள் முகம் சுருங்கும், சரி. ஒரு வருடம் ஏப்ரல், ஒரு வருடம் டிசம்பர் என்று மாற்றிக்கொள்ளுங்கள். டிசம்பர் என்றால் கிராமத்துக் கிறிஸ்துமஸை முடித்துக்கொண்டு 26ஆம் தேதி கிளம்புவதும் ஒரு வழி.

டிக்கெட் எடுப்பதற்கு முன் பெற்றோரைக் கேட்காதீர்கள். "எப்ப வந்தாலும் நம்ம வீடுதானேம்மா" என்பார்கள், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கூட இருக்கிற தங்கையைக் கேளுங்கள். கிளினிக் தேதி எப்போது, மச்சானுக்கு எந்த வாரம் இரவு ஷிப்ட், பிள்ளைகளுக்குத் தேர்வு எப்போது என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். ஹரி ராயாவும் (நோன்புப் பெருநாள்) சீனப் பெருநாளும் எந்த வாரத்தில் விழுகின்றன என்றும் பாருங்கள். அப்போது ரயிலில் இடம் இருக்காது, நெடுஞ்சாலை நகராது.

தேதி உறுதியானதும் இரண்டு வீட்டுக்கும் ஒரே நாளில், ஒரே மாதிரி செய்தி அனுப்புங்கள். ஒரு வீட்டுக்கு முந்தித் தெரிந்து, அது சபையில் யாரோ சொல்லி அடுத்த வீட்டுக்குப் போனால், அந்தச் சூடு ஆற வருடமாகும்.

இரண்டு வீடு, ஒரு விடுமுறை

நாட்களைச் சமமாகப் பிரிப்பது நியாயமாகத் தெரியும், ஆனால் நடைமுறையில் சரிப்படாது. எந்த வீட்டில் இப்போது பாரம் அதிகமோ அங்கே அதிக நாள். மாமாவுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை நடந்த வருடம் செந்தூலில்தான் பெரும்பாலும் இருந்தோம்; என் அம்மாவுக்குக் காரணத்தைச் சொன்னேன், அவர் ஒன்றும் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸ் எந்த வீட்டில் என்று இழுபறி வந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: தமிழ்ச் சபைகளில் 31ஆம் தேதி இரவு ஆராதனை 25ஆம் தேதிக்குக் குறைந்ததல்ல. நடுச்சாமத்தில் வருடம் பிறக்கும்போது குடும்பமாக முழங்கால் போட்டு, அந்த வருடத்துக்கான வாக்குத்தத்த வேத வசன அட்டையை எடுத்து, அதை வீட்டில் ஒட்டி வைக்கிற அம்மாக்களுக்கு அந்த இரவில் பிள்ளை பக்கத்தில் நிற்பதே பெரிது. ஒரு வீட்டுக்கு 25, மறு வீட்டுக்கு 31 என்று சொல்லிப் பாருங்கள்.

மறுப்பு சொல்ல வேண்டி வந்தால் அவரவர் வீட்டுக்கு அவரவர்தான் சொல்ல வேண்டும். அத்தையிடம் "இந்த முறை நாலு நாள்தான்" என்று நான் சொன்னால் அது மருமகள் பேச்சு. மகன் சொன்னால் வருத்தம், அவ்வளவுதான். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

செந்தூலிலிருந்து பினாங்குக்குக் காரை இரவல் வாங்கி ஓட்டுவதைவிட கேஎல் சென்ட்ரலில் இடிஎஸ் ரயில் ஏறுவது நல்லது. பட்டர்வொர்த்துக்கு நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட ஆகும். நிலையத்திலிருந்து நடந்தே பினாங்குத் தீவுக்கான பெர்ரிக்குப் போய்விடலாம். பினாங்கு வீடுதான் முதலில் என்றால் விமானத்துக்குப் பதிலாக, பாங்காக் குருங் தெப் அபிவாட் நிலையத்தில் பாடாங் பெசார் ரயிலில் ஏறித் தூங்கிவிடலாம். மறுநாள் காலை எல்லையில் இரண்டு நாட்டுக் குடிநுழைவும் ஒரே நிலையத்துக்குள் முடிந்துவிடும், அங்கிருந்து பட்டர்வொர்த்துக்குக் கொமுட்டர் ரயில் இருக்கிறது. மலேசிய நேரம் ஒரு மணி முன்னே ஓடுகிறது என்பதை மட்டும் மறக்காதீர்கள். ஒரு முறை மட்டும் நுழையக்கூடிய தாய்லாந்து விசாவோ, அதன் கால நீட்டிப்போ வைத்திருப்பவர்கள் நாட்டை விட்டு வெளியேறும் முன் மறுநுழைவு அனுமதி எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் விசா அங்கேயே ரத்தாகிவிடும். ஒரு முறைக்கு 1,000 பாட், பல முறைக்கு 3,800.

சபை கேட்கும்போது

நீங்கள் வந்திறங்கிய செய்தி எப்படியோ பரவும். போதகர் அழைப்பார், சகோதரிகள் ஐக்கியத்திலிருந்து ஒரு அக்கா அழைப்பார், வாலிபர் கூட்டம், பக்கத்துச் சபை, உபவாச ஜெபம். எல்லாரும் அன்பாகத்தான் கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் சரி சொன்னால் அம்மா உங்களை மேடையில்தான் பார்ப்பார்.

சொந்தச் சபையில் ஒரு ஞாயிறு, பத்து நிமிடம். அதைக் கிளம்பும் முன்பே போதகரோடு பேசி முடித்துவிடுங்கள். மற்றவர்களுக்கு நான் அனுப்புவது இதுதான், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்: "ஸ்தோத்திரம் பாஸ்டர். இந்த முறை அப்பா அம்மாவைக் கவனிக்க மட்டும் வந்திருக்கிறோம். ஊழியச் செய்தி பகிர அடுத்த வருடம் நேரம் ஒதுக்கி வருகிறோம், அப்போது உங்கள் சபைக்குக் கண்டிப்பாக வருவோம். அம்மாவின் கண்ணுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்." கடைசி வரி முக்கியம். ஜெபிக்க ஒரு காரியம் கொடுத்தால் யாருக்கும் மனத்தாங்கல் வராது.

ஆராதனை முடிந்து கையில் உறை திணிப்பார்கள். ஊழியத்துக்கா உங்களுக்கா என்று அங்கேயே, சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு உறையின் மேல் எழுதுங்கள். வீட்டுக்கு வந்து கொட்டி எண்ணினால் எது எதற்கு என்று தெரியாது, மிஷனுக்குக் கணக்குக் காட்டுவதும் சிரமம்.

வீட்டில்

முதல் நாள் நீங்கள் பேசாதீர்கள். மலை, மழை, மலை மக்களின் அகா பாஷை, விடுதிப் பிள்ளைகள் எல்லாம் நல்ல கதைகள்தான், ஆனால் அம்மாவிடமும் வருடக் கதை இருக்கிறது. கீழ் வீட்டுக்காரர் மாறியது, லிப்ட் கெட்டது, சித்தப்பா வீட்டுக் கல்யாணத்தில் பிரியாணி உப்பில்லாமல் இருந்தது. அதைக் கேட்டு முடியுங்கள். "அங்கேயெல்லாம் இப்படி இல்லை" என்ற பேச்சை அறவே விடுங்கள். குறிப்பாகத் தங்கையின் சமையலறையில்.

அப்புறம், தங்கையை வீட்டை விட்டு அனுப்புங்கள். இதைத்தான் நான் எல்லா மிஷனெரித் தம்பதியருக்கும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். நாங்கள் போய்ச் சேர்ந்து இரண்டு நாள் கழித்து அவளும் மச்சானும் பிள்ளைகளும் கேமரன் மலைக்குப் போய்விடுவார்கள், வீடு எங்கள் கையில். போகும் முன் மருந்துப் பெட்டியைத் திறந்து எது காலை, எது இரவு என்று அவளையே காட்டச் சொல்லி, அவள் எதிரிலேயே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவேன். அம்மாவுக்கு இனிப்பு நீர் (சர்க்கரை நோய்), இரத்தக் கொதிப்பு இரண்டும் உண்டு. போன் செய்து செய்து அவளைத் தொந்தரவு செய்யக் கூடாது. "நீ செய்கிற மாதிரி எனக்கு வராது, ஆனால் நாலு நாள் சமாளிப்பேன்" என்று சொல்லி அனுப்புங்கள். கூட இருந்து பார்ப்பவர்களுக்குப் பரிசுப்பொருள் வாங்கி வருகிறோம், நன்றி சொல்லி ஜெபிக்கிறோம். அவர்களுக்குத் தேவை தூக்கம்.

அந்த நாட்களில் நம் கண்ணுக்கும் பல தெரியவரும். போனில் "நல்லா இருக்கேன்மா" என்கிறவர் குளியலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். காலையில் மருந்து போட்டோமா என்று இருமுறை கேட்கிறார். ஆயர் ஈத்தாம் காலைச் சந்தைக்குக் கூட நடந்து போங்கள். எத்தனை இடத்தில் நிற்கிறார், மிச்சக் காசைச் சரியாக எண்ணி வாங்குகிறாரா என்று கவனியுங்கள். முடிந்தால் கிளினிக் நாளும் உங்கள் விடுமுறைக்குள் விழட்டும். அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்) கட்டணம், ஆனால் காலை முழுக்கப் போய்விடும். தங்கை அதற்காக எத்தனை முறை விடுப்பு எடுக்கிறாள் என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்தால்தான் விளங்கும். மருத்துவரிடம் கேட்க வேண்டியதை முந்தின இரவே எழுதிக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் இருந்தால், வந்த இரவே அவர்களை நிறுத்தித் தாய்லாந்து மொழியில் பாட வைக்காதீர்கள். எங்கள் பிள்ளைகளுக்குத் தாய்லாந்து பாஷை சரளம், தமிழ் தடுமாற்றம். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே போட்டோவைக் காட்டி யார் பெரியம்மா, யார் அத்தை, யார் தாத்தாவின் தம்பி என்று பழக்குகிறோம். பாட்டியோடு அவர்களைத் தனியே விடுங்கள், அச்சு முறுக்கு சுடும்போது பாஷை தானாக வந்துவிடுகிறது.

எங்கள் குடும்பத்தில் பாதிப் பேர் இந்துக்கள். தாய்மாமா வீட்டுக்குப் போகாமல் பினாங்குப் பயணம் முடியாது. படையல் போட்டதைச் சாப்பிடுவதா என்பதில் தம்பதிக்குத் தம்பதி மனச்சாட்சி வேறுபடும். வாசலில் நின்று முடிவு செய்யாமல் வரும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். நான் மாமிக்கு முந்தின நாளே போன் செய்து, "மாமி, படைக்கிறதுக்கு முன்னாடி எங்களுக்குக் கொஞ்சம் எடுத்து வெச்சிடுங்க" என்பேன். அவர் வருடா வருடம் தனிப் பாத்திரத்தில் எடுத்து வைக்கிறார். அங்கே நான் மருமகள் முறைக்காரி. மாமா தானாகக் கேட்டால் ஊழியத்தைப் பற்றிச் சொல்வேன், கேட்காவிட்டால் இறால் சம்பாலைப் பற்றிப் பேசுவேன். நம்மை இவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்ற பதற்றத்தில் பிரசங்கம் பண்ணிவிட்டு வரும் ஊழியக்காரர்களை எனக்குத் தெரியும். அடுத்த முறை அவர்களுக்கு அழைப்பு வருவதில்லை.

பணம். சொந்தக்காரர்களுக்கு நாம் வெளிநாட்டில் இருப்பவர்கள், அதனால் காசுக்காரர்கள். சபைக்காரர்களுக்கு நாம் ஊழியக்காரர்கள், அதனால் ஏழைகள். இரண்டுக்கும் நடுவே கைப்பணத்தை முன்கூட்டியே உறை உறையாகப் பிரித்து வையுங்கள்: பிள்ளைகளுக்கு, மளிகைக்கு, அம்மாவின் மருந்துக்கு. வீட்டில் இருக்கும் நாட்களில் மளிகைச் செலவு உங்களுடையது, இதில் பேச்சு வேண்டாம். பரிசுக்கு டோய் சாங் காப்பித்தூளும் மே சலோங் ஊலோங் தேயிலையும் போதும், எடையும் குறைவு.

அலுவலக வேலைகளை வந்த முதல் வாரத்திலேயே முடியுங்கள். கடவுச்சீட்டு ஐந்து வருடத்துக்கு 200 வெள்ளி. புதியது வாங்கினாலும் விசா முத்திரை இருக்கும் பழையதையும் பத்திரமாக வையுங்கள். வங்கிக் கணக்கு உங்கள் மலேசியக் கைபேசி எண்ணோடு கட்டப்பட்டிருக்கும், அந்த எண் செத்துவிடாமல் பணம் போட்டு வையுங்கள்.

கிளம்பும்போது

கடைசி நாளில் விருந்து வைக்காதீர்கள், எல்லாரும் களைத்துப் போவார்கள். விமான நிலையத்துக்கு யார் வருவது என்பதை அம்மாவே சொல்லட்டும். பெட்டியில் சம்பாலும் மசாலாத்தூளும் முறுக்கும் அவர் வைப்பார், எடை கூடினால் உங்கள் துணியை எடுத்துவிட்டு இடம் பண்ணுங்கள். 2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் நுழைய மின்னியல் வருகை அட்டை வேண்டும், போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்பிவிடலாம்.

போய்ச் சேர்ந்ததும் குடும்பக் குழுவில் ஒரு வரி போட்டால் போதாது. தங்கையைத் தனியே அழையுங்கள். அம்மாவிடம் கவனித்ததை, முக்கியமாக அந்தக் குளியலறைச் சுவரை, அவளைக் குறை சொல்லும் தொனி வராமல் சொல்லுங்கள். கைப்பிடி பொருத்த ஆகும் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். அடுத்த கிளினிக் தேதியைக் கேட்டு உங்கள் விடுதி நாட்காட்டியிலும் எழுதிவிடுங்கள், அன்று மாலை அழைத்து விசாரிக்க வேண்டியது நீங்கள்.