ரோமானியப் பாசறை: கதை எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரோமானியப் படை என்றதும் சரித்திரக் கதை எழுதும் பலர் நேரே போர்க்களத்துக்குப் போய்விடுகிறார்கள். நெடும் படையெடுப்பில் வாளை உருவும் நாள் அபூர்வம். மற்ற நாளெல்லாம் நடை, மண்வெட்டி, மாவு. இதை விட்டுவிட்டால் அந்த வீரனின் வாழ்க்கை கதைக்குள் வரவே வராது.

அதிகம் கண்ணில் படும் தவறு சாப்பாட்டில்தான். பெரிய அண்டா, சமையல்காரர், தட்டேந்தி வரிசையில் நிற்கும் வீரர்கள் என்று எழுதுகிறார்கள். படைக்கென்று பொதுச் சமையற்கட்டே கிடையாது. எட்டுப் பேருக்கு ஒரு கூடாரம், ஒரு கோவேறு கழுதை, ஒரு திருகை. தலைக்குத் தினமும் சுமார் 850 கிராம் கோதுமை, அதுவும் மணியாகத்தான் வரும். எட்டுப் பேருக்கு ஏழு கிலோ ஆகிறது. பகலெல்லாம் சுமையோடு நடந்துவிட்டு, அகழியும் வெட்டிவிட்டு, அப்புறம் திருகை முன் குந்தி உட்கார வேண்டும். குழியில் பிடி பிடியாகக் கோதுமையைப் போட்டுச் சுற்றச் சுற்ற, ஓரத்தில் மாவு கொஞ்சம் கொஞ்சமாக உதிரும். திருகை பிடித்த கைக்குத் தெரியும், இரண்டு படி அரைப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். குற்றம் செய்தவனுக்குக் கோதுமையை நிறுத்தி வாற்கோதுமை கொடுப்பார்கள். அதுவே ஒரு தண்டனை. குடிக்க, புளித்த ஒயினில் தண்ணீர் விட்ட போஸ்கா.

கூடாரத்தைத் துணியில் அடிக்காதீர்கள், அது தோல். பாசறைக்குள் வீரன் வழி தெரியாமல் அலைந்தான் என்றும் எழுதாதீர்கள். எங்கே தங்கினாலும் அதே தெருக்கள், அதே வரிசை. சொந்த ஊருக்குத் திரும்பியவன்போல நேரே தன் இடத்துக்குப் போவான். மண்சுவருக்கும் கூடாரங்களுக்கும் நடுவே 200 அடி வெற்றிடம் விடுவார்கள், எதிரி எறிவது உள்ளே எட்டாதபடி.

தூங்கி வழியும் காவலாளியை வைத்துச் சிரிப்புக் காட்சி எழுதுவது எனக்கு வருத்தமான தவறு. இரவை நான்கு ஜாமமாகப் பிரித்துக் காவல் போட்டார்கள். அடையாளச் சொல் சின்ன மரப்பலகையில் எழுதப்பட்டுக் கைமாறி வரும். காவலில் தூங்கிப் பிடிபட்டவனைத் தடியாலும் கல்லாலும் அடித்துக் கொன்றது அவனுடைய சொந்தத் தோழர்களே. அவன் கண் மூடினால் போவது அவர்கள் உயிரல்லவா!

சரி, எல்லாப் பாசறையும் இப்படிக் கட்டுக்கோப்பாகவே இருந்ததாகவும் நினைத்துவிட வேண்டாம். கி.மு. 134-இல் நுமாந்தியா நகரை முற்றுகையிட ஸ்பெயினுக்கு வந்த ரோமானியத் தளபதி சிப்பியோ எமிலியானுஸ், வியாபாரிகளும் விலைமாதரும் குறிசொல்வோரும் நிறைந்த பாசறையைத்தான் பார்த்தார். அத்தனை பேரையும் வெளியேற்றினார். சமையலுக்கு ஆளுக்கு ஒரு இறைச்சிக் கம்பி, ஒரு வெண்கலப் பானை, ஒரு குவளை போதும் என்றார். கட்டிலைத் தடைசெய்துவிட்டு, வைக்கோலில் முதலில் படுத்தவரும் அவரே.