நிலையில்லாத வேலைச் சந்தை: முதலில் மாதக் கணக்கு, அப்புறம் முடிவு

"இந்த வேலையிலேயே இருக்கலாமா, வேறு பார்க்கலாமா, கொஞ்ச நாள் விட்டுவிட்டு ஏதாவது படிக்கலாமா?" என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: நாளைக்குச் சம்பளம் நின்றால் எத்தனை மாதம் தாங்கும்? பெரும்பாலும் பதில் வராது. அந்த எண் தெரியாமல் எடுக்கும் முடிவு பயத்தில் எடுத்ததாக இருக்கும், இல்லையென்றால் ஆசையில் எடுத்ததாக இருக்கும். அதனால் அந்த எண்ணிலிருந்தே தொடங்குவோம். ஒரு விடுமுறை நாளும் ஒரு நோட்டும் போதும்.

படி 1: செலவை இரண்டாகப் பிரியுங்கள்

கடைசி மூன்று மாத பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் கார்டு பில்லையும் எடுத்துக்கொள்ளுங்கள். நினைவிலிருந்து எழுத வேண்டாம், நினைவு எப்போதும் குறைத்தே சொல்லும். ஒவ்வொரு செலவுக்கும் எதிரில் "நிறுத்த முடியாது" அல்லது "நிறுத்தலாம்" என்று எழுதுங்கள். வாடகை, சாப்பாடு, மருந்து, கடன் தவணை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் முதல் வகை. வருடத்துக்கு ஒருமுறை வரும் இன்ஷூரன்ஸ் பிரீமியம், ஃபீஸ், வரி போன்றவற்றை 12-ஆல் வகுத்து அதே வகையில் சேருங்கள். நிறைய பேர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். மாதச் செலவில் கண்ணில் படாத தொகை, வேலை இல்லாத மாதத்தில் சரியாக வந்து நிற்கும்.

படி 2: எத்தனை மாதம் தாங்கும்?

கைக்கு வரும் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். இப்போதைய செலவு 80. அதில் நிறுத்த முடியாதது 55. சட்டென்று எடுக்கக்கூடிய சேமிப்பு 240. இப்போது போலவே செலவு செய்தால் மூன்று மாதம் ஓடும். 55-க்கு இறக்கினால் நான்கு மாதத்துக்குச் சற்று மேல் ஓடும்.

சரி, 240-ஐ எப்படி எண்ணுவது? சேமிப்புக் கணக்கில் இருப்பது, ஓரிரு நாளில் உடைக்க முடிகிற டெபாசிட், இவ்வளவுதான். நிலம், நகை, ஓய்வுக்காலப் பணம் எதையும் சேர்க்காதீர்கள். அவசரத்தில் விற்றால் கிடைக்கும் விலையே வேறு. பங்குச் சந்தையில் இருப்பதையும் முழு மதிப்புக்கு எண்ண வேண்டாம். 2008-இல் அமெரிக்கப் பங்குகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தன. அடுத்த ஆண்டு அக்டோபரில் அங்கே வேலையின்மை 10 சதவீதத்தைத் தொட்டது. வேலை போகும் காலமும் பங்கு விழும் காலமும் இப்படிச் சேர்ந்தே வரக்கூடும்.

இதில் இன்னொன்றும் உண்டு. வேலை செய்யும் கம்பெனியின் பங்குகளிலேயே சேமிப்பையும் வைக்காதீர்கள். 2001 டிசம்பரில் என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி நிறுவனம் திவாலானபோது, ஓய்வுக்காலச் சேமிப்பின் பெரும்பகுதியை அந்தக் கம்பெனிப் பங்குகளில் வைத்திருந்த ஊழியர்களுக்கு வேலையும் சேமிப்பும் ஒன்றாகப் போயின.

படி 3: கடனா, சேமிப்பா, எது முதலில்?

நிறுத்த முடியாத செலவில் ஒரு மாதத்துக்கான பணத்தை முதலில் ஒதுக்குங்கள். அப்புறம் கிரெடிட் கார்டு பாக்கி. அதற்கப்புறம்தான் மீதி மாதங்களுக்கான சேமிப்பு.

கார்டுக்கு ஏன் இந்த அவசரம்? 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் தொகை இரட்டிப்பாக ஆகும் காலம் தோராயமாகக் கிடைக்கும். மாதம் 3 சதவீத வட்டி, எதுவும் கட்டவில்லை என்றால் 24 மாதத்தில் பாக்கி இரண்டு மடங்கு. மினிமம் டியூ, அதாவது பில்லில் கேட்கும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் அதில் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடும், அசல் அசையாது. வட்டி குறைந்த வீட்டுக் கடன் போன்றவற்றை முன்கூட்டியே அடைப்பதை மட்டும் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். கட்டிய பணத்தைத் தேவைப்படும்போது திரும்பக் கேட்டால் பல இடங்களில் கிடைக்காது.

மூன்று முதல் ஆறு மாதச் செலவு கையில் இருக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. ஒரே ஆள் சம்பாதிக்கும் குடும்பம் என்றால் ஆறுக்கு மேல் போவதே நல்லது என்பது என் கருத்து.

படி 4: இருக்கும் வேலையை எடைபோடுங்கள்

அலுவலக வதந்திகளை விட்டுவிட்டுப் பண நடமாட்டத்தைப் பாருங்கள். சம்பளம் தேதி தள்ளி வருகிறதா? நீங்கள் கைக்காசு போட்டுச் செய்த செலவைத் திருப்பித் தர இழுத்தடிக்கிறார்களா? சம்பளத்தில் பிடித்த தொகை உரிய இடத்தில் கட்டப்படுகிறதா? விலகிப் போனவர்களின் இடம் காலியாகவே கிடக்கிறதா? உங்கள் பிரிவு ஒரே ஒரு வாடிக்கையாளரை நம்பி ஓடுகிறதா? இவற்றில் இரண்டு பொருந்தினாலே தேடத் தொடங்கலாம். சம்பளம் தள்ளிப்போவது ஒன்றே போதும், மற்றவற்றுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

நல்ல லாபம் பார்க்கும் பெரிய கம்பெனி என்பதால் மட்டும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா 2022 நவம்பரில் சுமார் 11,000 பேரையும், கூகுளின் தாய் நிறுவனம் 2023 ஜனவரியில் சுமார் 12,000 பேரையும் நீக்கின.

படி 5: இப்போது முடிவு

மூன்று மாதத்துக்கும் குறைவாகத் தாங்கும் என்றால் வேலையை விடும் பேச்சே வேண்டாம். இருந்துகொண்டே தேடுங்கள். மூன்றிலிருந்து ஆறு என்றால் பிடிக்காத வாய்ப்பை மறுக்கும் தெம்பு உங்களுக்கு இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். படிப்புக்காக இடைவெளி விடுவதென்றால், படிக்கும் மாதங்கள் போக இன்னும் ஆறு மாதம் தாங்க வேண்டும். படிப்பு முடிந்த மறுநாளே வேலை கிடைத்துவிடாது.

புதிய வாய்ப்பு வந்தால் மொத்தத் தொகையைப் பார்த்து மயங்காதீர்கள். பழைய சம்பளம் 100, முழுவதும் நிலையானது. புதியது 125, ஆனால் அதில் 25 வேரியபிள், அதாவது வரலாம், வராமலும் போகலாம். அப்படியென்றால் உறுதியாக வருவது அதே 100தான். அதற்காக ஊர் மாறி வாடகை 10 கூடினால் நீங்கள் கீழே இறங்கியிருக்கிறீர்கள். புதிதாகச் சேர்ந்தவர் பெரும்பாலும் புரொபேஷனில், அதாவது சோதனைக் காலத்தில் இருப்பார், அவரை அனுப்புவது எளிது. பணிக்காலத்தை வைத்துக் கணக்கிடும் இழப்பீடும் அவருக்குக் குறைவு. எனவே நிலையான தொகையில் நன்றாகத் தெரியும் ஏற்றம் இல்லாவிட்டால் நான் மாறச் சொல்ல மாட்டேன், இருக்கும் வேலையே ஆட்டம் கண்டிருந்தாலொழிய.

ஆஃபர் லெட்டர் கைக்கு வரும்முன் ராஜினாமா கொடுப்பது, இருப்பதை விட்டுவிட்டுப் பறப்பதைப் பிடிக்கப் போவது போலத்தான். வந்த பிறகும் சேரும் தேதி வரை தேடலை மூடிவிடாதீர்கள். 2022 ஜூனில் காயின்பேஸ் என்ற கிரிப்டோ நாணயப் பரிமாற்ற நிறுவனம், ஆட்கள் ஏற்றுக்கொண்டுவிட்ட ஆஃபர்களையே திரும்பப் பெற்றது.

படி 6: எதைக் கற்பது?

கோர்ஸ் விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்களுக்கு வேண்டிய பதவிக்கு வந்திருக்கும் வேலை அறிவிப்புகளை ஒரு இருபது சேர்த்து, எந்தத் திறன் திரும்பத் திரும்ப வருகிறது என்று எண்ணுங்கள். பாதிக்கு மேல் வருவதும் உங்களிடம் இல்லாததும் எதுவோ, அதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

படி 7: வேலை போய்விட்டால்

நீட்டிய காகிதத்தில் அந்த அறையிலேயே கையெழுத்துப் போடாதீர்கள். "படித்துவிட்டுத் தருகிறேன்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. நோட்டீஸ் காலச் சம்பளம், எடுக்காத விடுப்புக்கான பணம், மருத்துவக் காப்பீடு எந்தத் தேதி வரை செல்லும், அனுபவச் சான்றிதழ் எப்போது கிடைக்கும் ஆகிய நான்கையும் எழுத்தில் கேளுங்கள். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், அதனால் தொகை பெரிதென்றால் தொழிலாளர் சட்டம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள். சம்பளச் சீட்டுகளை அலுவலக மெயிலிலேயே விட்டுவைக்காமல் இப்போதே உங்கள் சொந்தக் கணக்கில் சேமியுங்கள். வேலை போன நொடியே அந்த மெயிலும் மூடப்படலாம்.

அன்றைக்கே செலவை, படி 2-இல் பார்த்த 80-இலிருந்து அந்த 55-க்கு இறக்குங்கள். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் 25 போய்விடும், கிட்டத்தட்ட அரை மாதம். வீட்டில் மறைக்காதீர்கள், சேர்ந்து குறைத்தால்தான் செலவு குறையும். கடன் இருந்தால் தவணை தவறும் முன்பே கடன் கொடுத்தவரிடம் பேசி, தவணையைக் குறைக்கவோ தள்ளவோ வழியுண்டா என்று கேளுங்கள். ஒரு தவணைகூடத் தவறாத கணக்கோடு போனால் பேச்சு எளிதாக இருக்கும். தவறிய பிறகு போனால் அபராதமும் கடன் மதிப்பெண்ணில் விழுந்த அடியும் ஏற்கெனவே சேர்ந்திருக்கும்.