பூட்டியைப் பார்க்கப் போகிறவர்களுக்கு, தேத்தண்ணி நேரம்

காலபோக விதைப்பு முடிந்து கை கொஞ்சம் ஓய்ந்ததும் வன்னியில் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போகத் தொடங்குவோம். பூட்டியைப் பார்க்கப் போகிறவர்கள் பின்னேரம் நான்கு மணியளவில் போங்கள். மத்தியான நித்திரை முடிந்து தெளிவாக இருப்பார். எல்லோரும் ஒரே நாளில் போய் நிறையாமல் இரண்டு மூன்று பேராகப் பிரிந்து போனால் களைக்க மாட்டார், சந்தோசமும் பல நாளைக்கு நீளும்.

தேத்தண்ணியில் ஒரு கவனம் வேண்டும். அவர் இரும்புச்சத்துக் குளிசை எடுப்பவர் என்றால் இரண்டுக்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது விடுங்கள். தேயிலையில் உள்ள தனின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்பு உடலில் சேர்வதைக் குறைக்கும். இருட்டின பிறகு ஊற்றிக் கொடுத்தால் இரவு நித்திரை குழம்பும். நிமிர்ந்து இருக்கச் செய்தே கொடுங்கள், சாய்ந்தபடி குடித்தால் புரைக்கேறும். பனங்கட்டியைக் கடித்துக் குடிக்கப் பல் இல்லையா, தூளாக்கி வையுங்கள். நீரிழிவு உள்ளவருக்குப் பனங்கட்டியும் சீனி போலத்தான், அளவு பார்க்க வேண்டும்.

மற்றது, ரிவியை நிற்பாட்டிவிட்டு முகத்துக்கு நேரே இருந்து கதையுங்கள். காது மந்தமானவர்கள் உதட்டசைவைப் பார்த்தும் பேச்சைப் பிடிப்பார்கள். கிளிநொச்சிப் பக்கம் 1950களில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பம் என்றால் அந்தக் கதையைப் பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். அவர் சொல்லத் தொடங்கினால் இடையில் மறிக்காதீர்கள்.